எட்டு டன் பெட்டி

நான் வேலை பார்த்த லாரி ஆபீஸ், மார்த்தாண்டம் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. முதலாளிக்கு ஆறு லாரிகள். நான் நாகர்கோவிலுக்குக் கிழக்கே வயல் சூழ்ந்த ஒரு கிராமத்துக்காரி. பி.காம். முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி அங்கே போய்க்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கில் நடந்தது இது.

சேர்ந்த புதிதில் எனக்கு டிரிப் ஷீட் எழுதுவதும் போன் எடுப்பதும்தான் வேலை. லோடு பிடிப்பதை முதலாளி பார்த்துக்கொள்வார். கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்ப்பார், அவர் மகள் கல்யாணத்தை விசாரிப்பார், ஒரு டீ குடிப்பார், ஒரு வருஷத்து வாடகையைப் பேசி முடித்துவிட்டு வருவார். திடீரென்று ஒவ்வொரு கம்பெனியாக இதை நிறுத்தியது. இனிமேல் வாடகை பேச ஆபீசுக்கு வர வேண்டாம், எல்லாம் ஆன்லைன் ஏலம் என்றார்கள். முதலாளி கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். ஆகவே நான்தான் ஏலம் கேட்கிற ஆள் ஆனேன்.

அந்த ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். கம்பெனி ஒரு தொடக்க வாடகையைத் திரையில் போடும். லாரிக்காரர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைவிடக் குறைத்துக் குறைத்துக் கேட்க வேண்டும். எல்லோரிலும் குறைவாகக் கேட்டவர் எல் ஒன். அவருக்குத்தான் காண்ட்ராக்ட். எதிரே கேட்பது யார், எத்தனை பேர் என்பதெல்லாம் தெரியாது. நம் இடம் எத்தனையாவது என்று மட்டும் ஓரத்தில் காட்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது குறைத்துவிட்டால் கடிகாரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.

முதலாளிக்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடம் ஒத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில் பாத்ரூமுக்குள் போய்விடுவார். நான் கதவுக்கு வெளியே நின்று, "மொதலாளி, இருபது ரூவா குறைக்கட்டா?" என்று கத்துவேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்காது. அவர் வெளியே வரும்போது ஏலம் முடிந்திருக்கும். மூன்று ஏலங்களை இப்படியே இழந்தோம்.

நாலாவது ஏலத்துக்கு முன்தினம் அவர் ஒரு முடிவோடு வந்தார். "ஏலம்னா அதுக்கு ஒரு ஏலக்காரன் வேணும் மோளே. நமக்கு ரெண்டு பேருக்கும் அந்த வித்தை தெரியாது. நாளைக்கு ஒருத்தர் வருவாரு."

மறுநாள் பத்து மணிக்கு வந்தவர், கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். முதலாளியின் பழைய சிநேகிதர். ஒரு காலத்தில் எங்கள் லாரிகள் அவருடைய கரையிலிருந்து மீன் ஏற்றியிருக்கின்றன. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் சிலுவை தெரிய, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். பிறகு மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆளுவ எங்க மக்களே?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆளு தெரியாது அண்ணே. நமக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும்."

"மொகம் தெரியாம எப்பிடி ஏலம் நடக்கும்? கண்ணைப் பாத்தா இல்லா ஒருத்தன் இன்னும் கேப்பானா, விட்டுட்டுப் போவானாண்ணு தெரியும்?"

விலை கீழே போகும் என்று நான் சொன்னபோது அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "எங்க கரையில வெலை கீழ போச்சுண்ணா மீனு கெட்டுப்போச்சுண்ணு அர்த்தமாக்கும். இங்க என்ன கெட்டுப்போச்சு?"

முதலாளி பேச்சை மாற்றி என்னிடம் கேட்டார். "இன்னைக்கு ஏலத்துல சாமான் என்னவாக்கும் மோளே?"

திரையில் சாமானின் பெயர் இருந்த இடத்தில் 'இ.பி.எஸ். இன்ஸ் பாக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தது. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பேக்டரியிலிருந்து கொச்சியில் உள்ள ஸ்டோருக்கு, வாரம் ஒரு லோடு, வாடகை டன் கணக்கில். கூடவே நாற்பது பக்க நிபந்தனைகள் இருந்தன. அதில் மூன்று பக்கம் படித்திருந்தேன்.

"ஏதோ எலக்ட்ரிக் சாமான் மொதலாளி. பவர் சப்ளை பெட்டியா இருக்கும்," என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன். அந்த ஆபீசில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை அப்போது எனக்கு இருந்தது.

ஏலம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. டன்னுக்கு ஆயிரத்து இருநூறு. முதல் பத்து நிமிடம் எண் அசையவில்லை. அது இறங்கத் தொடங்கியதும் ஏலக்காரருக்குள் என்னவோ விழித்துக்கொண்டது. எழுந்து நின்று, ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை ராகம் போட்டுக் கூவ ஆரம்பித்தார். கடல் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல் அது. எங்கள் அறை பத்துக்குப் பத்து.

"ஆயிரத்திப் பத்து! ஆயிரத்திப் பத்து! ஆயிரத்திப் பத்தேய்!"

கீழே பல் டாக்டரிடம் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் ஏலக்காரருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நேரமும் அவருக்கு இல்லாமல் இருந்தது அதுதான். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்களைப் பார்த்தே ஏலம் விட்டார். ஏலம் கேட்டுப் பழகிய ஒரு ஆள் கையைத் தூக்கி, "தொள்ளாயிரத்தித் தொண்ணூறு," என்றான். ஏலக்காரர் அவனைச் சுட்டிக்காட்டி, என்னிடம் "மக்களே, போடு!" என்றார். நானும் அந்த வேகத்தில் போட்டுவிட்டேன். எல் ஒன் என்று காட்டியது.

அதற்குப் பிறகு யார் கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதே குழம்பிவிட்டது. திரையில் யாரோ இறக்குவார்கள். ஏலக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "இவன் அவசரக்காரன். இவன் பயந்துட்டான். இன்னும் ரெண்டு தடவை கேப்பான், பிறவு எந்திச்சுப் போவான்," என்று முகம் தெரியாத அந்த ஆளைப் பற்றிச் சொல்வார். அதேபோல அந்த ஆள் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவான். அன்றைக்கு முதலாளிகூட பாத்ரூமுக்குப் போகவில்லை. வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் திரையைக் காட்டிக் காட்டி எதையோ சொல்ல முயன்றார். மரத்துப்போன வாய் என்பதால் யாருக்கும் விளங்கவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை தெரியாது.

ஒரு மணிக்கு, எண்ணூற்றுப் பத்தில், கடிகாரம் ஓடி நின்றது. நாங்கள் எல் ஒன். படிக்கட்டில் கைதட்டல். முதலாளி எல்லோருக்கும் பழம்பொரியும் டீயும் வரவழைத்தார். பல் பிடுங்க வந்தவர்களும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் முதல் லோடுக்கு லாரி போனது. மத்தியானம் டிரைவரிடமிருந்து போன்.

"மொதலாளியிட்ட சொல்லு பிள்ளே. லோடு நெறைய ஏத்தியாச்சு. ஆனா வண்டிக்கு அது தெரியாது."

"என்ன அண்ணே சொல்லுதிய?"

"வண்டி கொஞ்சமும் தாழல்ல. எடை போட்டாச்சு. முந்நூறு கிலோ தேறாது. அதுல நானும் கிளீனரும் இருக்கோமாண்ணு தெரியல்ல."

முதலாளியும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். வழியில் ஏலக்காரரும் ஏறிக்கொண்டார், தான் பிடித்துக் கொடுத்த லோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க. பேக்டரி எடைமேடையில் எங்கள் லாரி நின்றது. கூண்டுக்கு மேலேயும் குவித்துக் கயிறு கட்டி, மலை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஏலக்காரர் இறங்கிக் கிட்டே போனார். ஒரு பெட்டியைச் சுண்டுவிரலில் தூக்கினார்.

"இது நம்ம மீன் பெட்டியில்லா!"

தெர்மாகோல். ஐஸ் போட்டு மீன் அடைக்கிற பெட்டி. அவர் கரையில் தினமும் நூற்றுக்கணக்கில் காற்றில் பறக்கும். அவர் சிரிக்க ஆரம்பித்தவர் எடைமேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஓய், காத்துக்கு இல்லா நாம ஏலம் கேட்டிருக்கோம்! ரெண்டு மணிக்கூறு தொண்டை கிழிய!"

முதலாளி சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். டன்னுக்கு எண்ணூற்றுப் பத்து என்றால் முந்நூறு கிலோவுக்கு இருநூற்றுச் சொச்சம். கொச்சிவரை. டிரைவர் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. பவர் சப்ளை பெட்டி என்று சொன்னது நான்தான்.

காண்ட்ராக்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால், ஒரு வருஷத்துக்கு எந்த ஏலத்திலும் நுழைய முடியாதபடி தடை செய்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அங்கேயே இருந்தது. டெஸ்பாட்ச் ஆபீசர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயது. அவரே வியர்த்துப் போயிருந்தார்.

"கேட் பாஸ் வரமாட்டேங்குது சார். இந்த வண்டிக்கு எட்டு டன்னுக்குக் குறைஞ்சா சிஸ்டம் எடுக்காது. அரை லோடு அனுப்பிட்டு முழு லோடு கணக்கு காட்டுறாங்கன்னு ஹெட் ஆபீஸ்ல அப்படி வச்சிருக்காங்க."

"சாமான் தெர்மாகோல்னு அவியளுக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி.

"சிஸ்டத்துக்குத் தெரியாது சார்."

அவர் எங்கள் முன்னாலேயே ஹெட் ஆபீசுக்குப் போன் செய்தார். புகாரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவு செய்தார். பத்து நிமிடத்தில் 'தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. கேட் பாஸ் வரவில்லை.

ஏலக்காரர்தான் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்டரி கட்டியபோது மிஞ்சிய அஸ்திவாரக் கல் ஒரு குன்று அளவுக்குக் கிடந்தது. "சார், அதுக்கு எடைதானே வேணும்? எடையக் குடுப்போம்," என்றார்.

ஆபீசர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கல்லை எடுக்கச் சொல்லி நான் ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டு இருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

பெட்டிகளை இறக்கி, அடியில் கல்லை அடுக்கி, மேலே பெட்டிகளை மறுபடியும் ஏற்றினார்கள். எட்டு டன் இருநூறு கிலோ. அச்சுப்பொறி சந்தோஷமாகக் கேட் பாஸைத் துப்பியது: இ.பி.எஸ். இன்ஸ் பாக்ஸ், எட்டு புள்ளி இரண்டு டன்.

திரும்பி வரும் வழியில், ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்து, கையிலிருந்த டிரிப் ஷீட்டின் பின்புறத்தில், மூன்று பக்கம்தான் படித்தேன் என்று ஒப்புக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி முழுக்கப் படித்தார்.

"நீ போனா அந்த மிச்ச முப்பத்தேழு பக்கத்த யாரு வாசிப்பா?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்று ஊருக்குப் போகும் பஸ்ஸில் மிச்சத்தையும் வாசித்தேன். இருபத்தேழாம் பக்கத்தில், இ.பி.எஸ். என்றால் தெர்மாகோல், இன்ஸ் என்றால் சூடு புகாதது என்று தெளிவாக எழுதியிருந்தது.

லாரி கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டவில்லை. மறுநாள் காலை ஆபீசைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. கல் கடத்துகிறார்கள் என்று பிடித்து வைத்திருந்தார்கள். அந்தச் சமயம் கல்லும் மண்ணும் எல்லை தாண்டுவதில் பெரிய கெடுபிடி. அங்கே நடந்த பேச்சை டிரைவர் பிறகு எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

"வெள்ளைப் பெட்டிக்கு அடியில கல்லை ஒளிச்சுக் கொண்டு போறியா?"

"இல்ல சார். கல்லு சும்மா. பெட்டிதான் லோடு."

"பிறவு எதுக்குடே கல்லு?"

"கல்லு இல்லேண்ணா பெட்டி போவாது சார்."

"பெட்டி போறதுக்குக் கல்லு எதுக்கு?"

"எடைக்கு சார்."

"எடை எதுக்கு?"

"அது எனக்குத் தெரியாது சார். ஆபீசுல ஒரு பிள்ள இருக்கு. அதுட்ட கேளுங்க."

அதிகாரி போனில் என்னிடம் கேட்டார். கால் மணி நேரம் சொன்னேன். நடுவில் ஒருமுறை அவர், "கொஞ்சம் இரும்மா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், "எனக்குப் புரிஞ்சு போச்சுன்னு நினைக்கேன். ஆனா இதை நான் யாருக்கும் சொல்ல முடியாது. நீ எழுதி பேக்ஸ்ல அனுப்பு," என்றார். ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் எழுதினேன்: "மேற்படி லாரியில் உள்ள கற்கள் வெறும் கற்களே. விற்பனைக்கோ கட்டுமானத்துக்கோ கொண்டுசெல்லப்படவில்லை. அவற்றுக்கு எந்தப் பயனும் இல்லை என்று இதன்மூலம் உறுதி அளிக்கிறோம்." முதலாளி கையெழுத்துப் போட்டு ஆபீஸ் சீலும் குத்தினார். லாரியை விட்டார்கள்.

கொச்சியில் அடுத்த சிக்கல். உள்ளே வந்த எடைக்குச் சாமான் இறங்கியாக வேண்டும். வெளியே போகிற லாரி காலி எடையில் இருந்தால்தான் கேட் திறக்கும். ஆகவே கல்லும் அங்கேயே இறங்கியது. ஸ்டோர்கீப்பர் பக்கா ஒழுங்குக்காரர். தன் ஸ்டோரில் இறங்கிய எதற்கும் பெயர் இருக்க வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயிண்டில் இ.பி.எஸ். இன்ஸ் பாக்ஸ் என்று எழுதி, மாமரத்தடியில் வரிசையாக அடுக்க வைத்தார்.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. பில் எட்டு டன்னுக்குத்தான் தானாக வந்தது. லாரி கொச்சிவரை ஓடுகிறது, டீசல் எரிகிறது, வாடகையும் நியாயமான வாடகைதான். இருந்தாலும், "கல்லுக்கு வாடகை வாங்கப்பிடாது மோளே, எழுதிப்போடு," என்றார். நடந்ததை நடந்தபடி கம்பெனிக்கு எழுதினேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் நன்றி சொன்னார்கள். வாரம் ஒரு லோடு கல், ஒரு நன்றி என்று மூன்று மாதம் போனது. செக்போஸ்டில் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் காகிதத்தின் நகலையே காட்டினோம்.

பன்னிரண்டு டிரிப் முடிந்தபோது கொச்சியிலிருந்து முதலாளியை நேரில் வரச் சொன்னார்கள். ஸ்டாக் பார்க்க வந்த ஆடிட்டர் அழைக்கிறாராம். காகிதங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்று முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு, குழித்துறையில் காலை ரயில் ஏறினார். வழி முழுக்க அவர் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். ஜெயிலுக்குப் போகும்போது என்ன உடுத்துவார்கள் என்பது போன்ற யோசனைகள் எனக்கு வந்துகொண்டிருந்தன.

ஆடிட்டர் ஒரு அம்மா. நரைத்த தலை, கையில் குடை. மாமரத்தடியில், பெயர் எழுதின கற்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார்.

"கம்ப்யூட்டர் கணக்குப்படி இங்க தொண்ணூற்றெட்டு டன் தெர்மாகோல் பெட்டி இருக்கணும். நிஜமா இருந்தா முந்நூறு லாரி நிறையும். எங்கே?" என்று கேட்டார்.

"இதொக்கெ பெட்டியாணு மேடம்," என்று மலையாளத்தில் சொல்லி, எல்லாமே பெட்டிதான் என்று ஸ்டோர்கீப்பர் கற்களைக் காட்டினார். "ஒண்ணுகூடக் கொறவில்லா. எண்ணி வெச்சிட்டுண்டு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நான் எதையும் மறைக்கவில்லை. இ.பி.எஸ். என்பதை எலக்ட்ரிக் சாமான் என்று நான் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். "மூணு பக்கம் மட்டும்தான் படிச்சேன் மேடம். தப்பு என் பேருலதான்," என்றேன். முதலாளி இடையில் புகுந்து, "அவ எழுதின கடுதாசி எல்லாம் இருக்கு மேடம்," என்று கைப்பையை அவிழ்த்தார். பன்னிரண்டு கடிதங்கள். பன்னிரண்டு நன்றிகள். செக்போஸ்டுக்கு அனுப்பிய காகிதத்தின் நகல்.

அந்தக் கடைசிக் காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். "இந்தக் கற்கள் வெறும் கற்களே," என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மூணு மாசக் காகிதம் அத்தனையும் பாத்துட்டேன். நிஜத்தைச் சொல்ற காகிதம் இது ஒண்ணுதான். உங்க ஏலத்தை நடத்தினவங்க நாற்பது பக்கத்தையும் படிச்சாங்களான்னு நான் கேட்டுட்டு வந்தேன். அவங்க ரெண்டு பக்கம்தான் படிச்சிருக்காங்க."

அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. குடையால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். எங்களுக்கு அபராதம் வரவில்லை. ஓடின டிரிப்புகளுக்கு வாடகை செல்லும் என்றும், காண்ட்ராக்டை டிரிப் கணக்கில் மாற்றி மறுபடியும் ஏலம் விடப்படும் என்றும் பத்து நாளில் கடிதம் வந்தது. இந்தத் தடவை அதில் நன்றி இல்லை.

மறு ஏலத்தில் நாங்கள் தோற்றோம். யாரோ நூறு ரூபாய் குறைத்துக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். முதலாளி அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு எந்த ஏலம் வந்தாலும் நிபந்தனைகளை முதலிலிருந்து கடைசிவரை நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார் என்பது வழக்கமாயிற்று. முதலில் கிடைத்தது ஒரு சிமெண்ட் லோடு. அதில் முப்பத்தொன்றாம் பக்கத்தில், டிரைவர்கள் பாதுகாப்புக் காலணி வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. அணிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. முதலாளி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆறு ஜோடி வாங்கினோம். வெறுங்காலில் ஓட்டிப் பழகிய எங்கள் டிரைவர்கள், அந்தக் கறுப்பு ஷூக்களைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, இரண்டு வருஷம் கூட்டிக்கொண்டு போய் வந்தார்கள்.